எட்டு வார வேலைக்குப் பத்து மாதப் படிப்பு: எம்பிஏ பாடங்களும் கன்சல்டிங் பயிற்சியும்

ஏப்ரல் பிறந்ததும் இந்திய மேலாண்மைக் கழகங்களின் முதலாண்டு மாணவர்கள் விடுதியிலிருந்து மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னை எனப் பல நகரங்களுக்குக் கிளம்புகிறார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது படிப்பின் ஒரு பகுதி. மாணவர் பேச்சில் இதற்கு ‘சம்மர்ஸ்’ என்று பெயர். இதில் கடும் போட்டி நிலவும் இடம் கன்சல்டிங்: மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் போன்ற ஆலோசனை நிறுவனங்கள். ஒரு சிமென்ட் ஆலையின் செலவையோ ஒரு வங்கியின் கடன் பிரிவையோ அலசி, அதை இருபது ஆண்டுகளாக நடத்திவருபவர்களிடமே ‘இதை இப்படி மாற்றலாம்’ என்று சொல்லப்போகும் குழுவில், இருபத்து மூன்று வயது மாணவர் ஒருவருக்கும் இடம் கிடைக்கிறது.

அந்த இடத்துக்கு அவரைத் தயார்படுத்துவது எது? கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைச் சுட்டுகின்றன. மாணவர்களில் பலர் நேர்காணல் பயிற்சியையும் சீனியர்கள் தொகுத்த கேஸ் புத்தகத்தையும், அதாவது மாதிரி வணிகச் சிக்கல்களின் தொகுப்பையும், சொல்கிறார்கள். இரண்டு பதிலும் பாதி உண்மைதான். பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பயிற்சிக் காலத்தின் உண்மையான வேலைகளோடு பொருத்திப் பார்த்தால் தெளிவாகத் தெரிவது இது: வகுப்பறையின் பங்கு பெரியது, ஆனால் அந்தப் பங்கு வருவது கவர்ச்சியான வியூகப் பாடங்களிலிருந்து அல்ல. செலவுக் கணக்கு, புள்ளியியல், உற்பத்தி மேலாண்மை, எழுத்து என்ற நான்கு அடிப்படைப் பாடங்கள்தான் மாணவரைத் தாங்குகின்றன. அந்த நான்கும் தராத ஒன்றும் இருக்கிறது. அதைக் களம்தான் தர முடியும்.

நேர்காணல் முந்தும், பாடம் பிந்தும்

முதலில் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதலாண்டு பெரும்பாலும் ஜூனில் தொடங்குகிறது. கோடைப் பயிற்சிக்கான ஆள்தேர்வு அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடுகிறது. அதாவது மாணவர் படிக்கத் தொடங்கி நான்கைந்து மாதங்களில் நேர்காணலில் உட்கார்கிறார். அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. இலையுதிர் காலத்தில் சேர்பவர்கள் அடுத்த ஜனவரி வாக்கில் நேர்காணலைச் சந்திக்கிறார்கள், பயிற்சி கோடையில்.

ஆகவே நேர்காணலுக்கான தயாரிப்பை வகுப்பறை பெரும்பாலும் தருவதில்லை. மாணவர்களின் கன்சல்ட் கிளப்புகள், சீனியர்கள், இரவில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் பழக்கம் ஆகியவை அதைத் தருகின்றன. நேர்காணலில் வரும் கேள்விகளுக்குச் சில அச்சுகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் லாபம் ஏன் குறைந்தது? புதிய சந்தையில் நுழையலாமா? சென்னையில் ஒரு நாளில் எத்தனை கப் டீ விற்கும்? கடைசி வகைக்குக் ‘கெஸ்டிமேட்’ என்று பெயர். விடை சரியா என்பதைவிட மக்கள்தொகையை எப்படிப் பிரித்தார், எந்த ஊகத்தை வெளிப்படையாகச் சொன்னார், வந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாரா என்பதையே எதிரில் இருப்பவர் கவனிக்கிறார்.

இந்தத் தயாரிப்பு வீண் அல்ல. கேள்வியைக் கூறுபோடும் பழக்கம் அதில் வருகிறது. ஆனால் நேர்காணல் நாற்பது நிமிடத்தில் முடிகிறது. பயிற்சி எட்டு வாரம் நீள்கிறது. நேர்காணலில் கேட்ட தகவலை எதிரில் இருப்பவர் உடனே தருவார். பயிற்சியில் அந்தத் தகவல் எந்தத் துறையில், எந்தக் கணினியில், யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை. நேர்காணலுக்கும் பயிற்சிக்கும் இடையே கிடைக்கும் ஐந்தாறு மாதப் பாடங்கள்தான் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. நேர்காணலில் வென்றவுடன் வகுப்பில் அக்கறை குறைந்துவிடும் மாணவர்கள் இழப்பது இதைத்தான்.

கணக்கியல் ஆசிரியர் தொடங்கிய தொழில்

கன்சல்டிங் என்றவுடன் வியூகம், உலகப் பொருளாதாரம், தலைமைச் செயல் அதிகாரிகளுடன் சந்திப்பு என்ற பெரிய சித்திரம் மனதில் எழுகிறது. அந்தத் தொழிலின் பிறப்பு அத்தனை பகட்டானதல்ல. 1926-இல் சிகாகோவில் தன் பெயரில் நிறுவனம் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்தவர். 1922-இல் அவர் வெளியிட்ட நூல் வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டு ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது பற்றியது. கணக்குப் புத்தகம் நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும் ஏடு மட்டுமல்ல, அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும் கருவியும்கூட என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து.

1933-இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்த மார்வின் போவர், ஹார்வர்டில் சட்டமும் வணிகமும் படித்தவர். பல ஆண்டு அனுபவமுள்ள தொழில் நிர்வாகிகளை ஆலோசகர்களாக எடுப்பதே அன்றைய வழக்கம். 1950-களில் அந்த வழக்கத்தை மாற்றி, வணிகப் பள்ளியிலிருந்து புதிதாக வெளிவரும் இளைஞர்களை எடுக்கத் தொடங்கியது மெக்கின்சி. அனுபவத்தின் இடத்தில் பகுத்தாராயும் பயிற்சியை வைத்த முடிவு அது. 1963-இல் புரூஸ் ஹெண்டர்சன் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பும், 1973-இல் உருவான பெயினும் அதே பாதையில் சென்றன. வணிகப் பள்ளிக்கும் ஆலோசனைத் தொழிலுக்கும் உள்ள நெருக்கம் அங்கே வேர்கொண்டது. இன்று ஒரு மாணவர் இருபத்து மூன்று வயதில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார முடிகிறதென்றால், அந்தப் பழைய முடிவே காரணம்.

கேஸ் முறை பழக்கும் மனம்

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. சட்டக் கல்வியில் நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து விவாதித்த முறையை, வணிகத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பரவலாக்கியவர் 1919-இல் அதன் முதல்வரான வாலஸ் டோனம். 1921-இல் முதல் கேஸ், அதாவது ஓர் உண்மை நிறுவனத்தின் சிக்கலை விவரிக்கும் விவாதக் குறிப்பு, எழுதப்பட்டது. அங்கே படிக்கும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 500 கேஸ்களை விவாதிக்கிறார். 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் மேலாண்மைக் கழகம், ஹார்வர்டின் ஒத்துழைப்போடு அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் தொடங்கிய கல்கத்தா கழகம் எம்ஐடியுடன் கைகோத்தது. அங்கே கணித, அளவியல் முறைகளுக்கு அழுத்தம் கூடுதல்.

ஒரு கேஸ் மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி ஹார்வர்டு பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதிய கேஸ், உலகின் பல வணிகப் பள்ளிகளில் படிக்கப்பட்டு வருகிறது. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. பணம் கட்டும் நோயாளிகளின் வருவாயிலிருந்து, கட்ட இயலாதவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறது.

இந்தக் கேஸைப் படிக்கும் மாணவர் முதலில் கருணையின் கதையாகவே இதைப் பார்ப்பார். ஆசிரியரின் கேள்விகள் அவரை அடுத்த தளத்துக்கு நகர்த்தும். இந்த மருத்துவமனையில் எது பற்றாக்குறையான வளம்? அறுவை மருத்துவரின் நேரம். அப்படியானால் அவருடைய ஒவ்வொரு நிமிடத்தையும் காப்பாற்ற என்ன ஏற்பாடு? அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயார். மருத்துவர் செய்தே ஆகவேண்டிய வேலை தவிர மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்கிறார்கள். அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை உயர உயர, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிலைச்செலவு குறைகிறது. அந்தக் குறைவுதான் இலவச சிகிச்சையைத் தாங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்சின் இறக்குமதி விலை தடையாக நின்றபோது, 1992-இல் ஆரோலேப் என்ற சொந்த ஆலையையே தொடங்கினார்கள்.

ஆக, ஒரே கேஸில் உற்பத்தி மேலாண்மை, செலவுக் கணக்கு, விலை நிர்ணயம், நிறுவனப் பண்பாடு எல்லாம் சேர்ந்து வருகின்றன. பாடங்கள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல, ஒரு முடிவுக்குள் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன என்ற உணர்வே கேஸ் முறையின் முதல் கொடை. முழுத் தகவல் இல்லாமலே ஒரு நிலைப்பாடு எடுத்து, எண்பது பேர் நடுவே அதைக் காக்கவும், வலுவான மறுப்பு வந்தால் மாற்றிக்கொள்ளவும் பழகுவது இரண்டாவது. பயிற்சிக் காலத்தில் குழுத்தலைவர் முதல் வாரத்திலேயே ‘உங்கள் ஊகம் என்ன?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அஞ்சாத மனம் இங்கேதான் உருவாகிறது.

இதே அரவிந்த் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஊர்ப்புற முகாம்களில் கண்புரை இருப்பதாகக் கண்டறியப்பட்ட பலர், சிகிச்சை இலவசம் என்றபோதும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது: பேருந்துச் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. மருத்துவமனை போக்குவரத்தையும் உணவையும் தானே ஏற்ற பிறகு நிலைமை மாறியது. விலை பூஜ்யமாக இருந்தும் தேவை எழாத இந்தப் புதிருக்கு மேசையில் விடை இல்லை. கேஸ் படிக்கும் மாணவருக்கு அந்த விடை அச்சிட்ட தாளில் கிடைத்துவிடுகிறது. பயிற்சிக்குப் போகும் மாணவர் அதைத் தானே தேடிப் போக வேண்டும்.

தாங்கும் மூன்று தூண்கள்

பயிற்சியில் மாணவருக்குக் கிடைப்பது ஒரு பெரிய கேள்வியின் சிறு துண்டு. ‘நிறுவனத்தின் எதிர்காலம் என்ன?’ என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. ‘எந்தப் பொருள்கள் நஷ்டத்தில் போகின்றன, எதை நிறுத்தலாம்?’ என்று கேட்பார்கள். இங்கே செலவுக் கணக்குப் பாடம் துணைக்கு வருகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பாக்கெட் பிஸ்கட்டின் விற்பனை விலை 20 ரூபாய். மாவு, சர்க்கரை, உறை என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரடியாக ஆகும் செலவு 14 ரூபாய். ஆலை வாடகை, மேலாளர் சம்பளம் போன்ற பொதுச் செலவிலிருந்து கணக்குப் பிரிவு அதன் தலையில் ஏற்றியிருப்பது 8 ரூபாய். ஏட்டில் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் நஷ்டம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பாக்கெட் என்றால் 20 லட்சம். ‘நிறுத்திவிடலாம்’ என்று ஸ்லைடு போடத் தோன்றும். ஆனால் நிறுத்தினாலும் ஆலை வாடகை குறையப்போவதில்லை. பாக்கெட்டுக்கு 6 ரூபாய் வீதம் பொதுச் செலவைத் தாங்கிக்கொண்டிருந்த 60 லட்ச ரூபாய்தான் போய்விடும். விட்டால் மிச்சமாகும் செலவு எது, விட்டாலும் நிற்காத செலவு எது என்ற இந்த ஒரு வேறுபாடு, முதல் பருவத்துப் பாடம்தான். வாடிக்கையாளர் அலுவலகத்தில் அதன் விலை ஒரு கிளையின், ஓர் ஆலையின், சில நூறு பேருடைய வேலையின் விலை.

இரண்டாவது தூண் உற்பத்தி மேலாண்மை. அதில் 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிக்காட்டிய எளிய விதி ஒன்று உண்டு: ஓர் அமைப்புக்குள் காத்திருக்கும் எண்ணிக்கை, நாளொன்றுக்கு அதைக் கடந்து செல்லும் எண்ணிக்கையை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் நாள்களால் பெருக்கினால் கிடைக்கும். ஒரு வங்கிக் கிளை நாளொன்றுக்கு 40 கடன் விண்ணப்பங்களைத் தீர்க்கிறது. மேசையில் 600 கிடக்கின்றன. நிலைமை சீராகத் தொடர்ந்தால் ஒரு விண்ணப்பம் சராசரியாக 15 நாள் காத்திருக்கிறது. மேலாளர் ‘ஐந்து நாளில் முடிக்கிறோம்’ என்று சொன்னால், அவர் பொய் சொல்வதாக முடிவுகட்ட வேண்டியதில்லை. தன் மேசையின் நேரத்தை மட்டும் கணக்கிட்டிருக்கலாம். மீதிப் பத்து நாள் எங்கே போகிறது என்பதே ஆய்வின் தொடக்கப்புள்ளி. அதிகம் தேங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதைத் திறக்காமல், மற்ற இடங்களை வேகப்படுத்துவதில் பயனில்லை என்பதும் இதே பாடம் கற்பிப்பது.

மூன்றாவது புள்ளியியல். பத்துப் பொருள்களில் ஒன்பது இரண்டு நாளில் போய்ச் சேர்கின்றன, ஒன்று 22 நாளில் சேர்கிறது என்றால் சராசரி நான்கு நாள். நான்கு நாளில் பொருள் பெற்ற வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. சராசரியை மட்டும் வைத்து அறிக்கை எழுதுபவர், அந்தப் பத்தாவது வாடிக்கையாளரின் கோபத்தைக் காணாமலே போவார். இன்னொன்று, கூடவே நிகழ்வதைக் காரணம் என்று எண்ணிவிடும் மயக்கம். விற்பனையாளர் அடிக்கடி போகும் கடைகளில் விற்பனை கூடுதல் என்று தரவு காட்டலாம். போவதால் விற்பனை கூடியதா, விற்பனை கூடிய பெரிய கடை என்பதால் போகிறார்களா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ‘நூறு விற்பனையாளரைக் கூடுதலாக எடுங்கள்’ என்று பரிந்துரைத்தால் வாடிக்கையாளரின் பணம் வீண்.

எழுத்து என்னும் சோதனை

இவ்வளவு அலசலும் வாடிக்கையாளரைச் சேர்வது எழுத்தின் வழியே. ஆலோசனைத் தொழிலின் எழுத்து முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் பார்பரா மின்டோ. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்து 1963-இல் மெக்கின்சியில் சேர்ந்தார். பின்னர் லண்டனில் அந்நிறுவனத்தின் ஐரோப்பிய ஆலோசகர்களுக்கு அறிக்கை எழுதப் பயிற்சி தந்தார். தடுமாற்றம் வாக்கியத்தில் இல்லை, சிந்தனையின் வரிசையில் இருக்கிறது என்பது அவர் கண்டறிந்தது. முடிவை முதலில் சொல், அதைத் தாங்கும் காரணங்களை அடுத்து அடுக்கு, ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே சான்றை வை என்பது அவருடைய பிரமிட் கொள்கை. காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது. சேர்த்துப் பார்த்தால் எதுவும் விடுபட்டிருக்கவும் கூடாது.

பள்ளி, கல்லூரி முழுக்க நாம் பழகியது இதற்கு நேர்மாறு. முன்னுரை, வரலாறு, முறை, விவரம், கடைசியில் முடிவு. அந்தப் பழக்கத்தை உடைக்க அகமதாபாத் கழகத்தில் எழுத்துவழிப் பகுப்பாய்வுக்கென்றே கட்டாயப் பாடம் உண்டு. மாணவர்கள் ‘வாக்’ என்பார்கள். ஒரு கேஸைப் படித்து, பிரச்சினை எது என்று வரையறுத்து, முடிவெடுக்கும் அளவுகோல்களைச் சொல்லி, மாற்று வழிகளை எடைபோட்டு, ஒன்றைப் பரிந்துரைத்து, செயல்திட்டமும் தர வேண்டும். சொல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, நேரத்துக்கும் கெடு உண்டு. படிக்கும்போது மாணவர்கள் சலித்துக்கொள்ளும் இந்தப் பாடமே பயிற்சியில் அன்றாடம் கைகொடுக்கிறது. ஏனென்றால் ஸ்லைடின் தலைப்பில் ‘விற்பனை நிலவரம்’ என்று எழுதினால் குழுத்தலைவர் திருப்பி அனுப்பிவிடுவார். ‘தென் மண்டலச் சரிவுக்கு மூன்று விநியோகஸ்தர்களே காரணம்’ என்று எழுத வேண்டும். அப்படி எழுத, முதலில் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எழுத்து சிந்தனையைச் சோதிப்பது இந்த வழியில்தான்.

சட்டகங்களின் பயனும் ஆபத்தும்

இதுவரை வியூகப் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. அதில் வரும் கருவிகள் பல ஆலோசனை நிறுவனங்களிலேயே பிறந்தவை. நிறுவனத்தின் தொழில்களைச் சந்தை வளர்ச்சி, சந்தைப் பங்கு என்ற இரண்டு அச்சுகளில் வைக்கும் நான்கு கட்டப் படம் 1970-இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் தந்தது. நிறுவனத்தை ஏழு கூறுகளாகப் பார்க்கும் சட்டகம் 1980 வாக்கில் மெக்கின்சியைச் சேர்ந்த டாம் பீட்டர்ஸ், ராபர்ட் வாட்டர்மன் ஆகியோரால் பரவலானது. மைக்கேல் போர்ட்டர் 1979-இல் எழுதிய ஐந்து விசைகள் கட்டுரை, ஹார்வர்டு வகுப்பறையிலிருந்து எதிர்த்திசையில் தொழிலுக்குள் போனது.

சட்டகம் எதையும் மறக்காமல் பார்க்க உதவும். போட்டியாளரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, மூலப்பொருள் வழங்குபவரின் பேரம் பேசும் வலிமையையும் மாற்றுப் பொருளின் அச்சுறுத்தலையும் போர்ட்டர் நினைவூட்டுகிறார். ஆனால் சட்டகத்தை நிரப்புவதே பகுப்பாய்வு என்று எண்ணுவதில்தான் ஆபத்து. ஐந்து கட்டங்களிலும் ஐந்து வரி எழுதிவிட்டாலும் ஒரு முடிவுக்கும் வந்திருக்க மாட்டோம். வாடிக்கையாளர்களும் பலர் எம்பிஏ படித்தவர்கள். அந்தப் படங்கள் அவர்களுக்குப் புதிதல்ல. அவர்களுக்குத் தெரியாதது தங்கள் சொந்தத் தரவுக்குள் புதைந்துகிடக்கும் செய்தி. அதைத் தோண்டியெடுப்பது மேலே சொன்ன மூன்று தூண்களின் வேலை.

வகுப்பறை தராதவை

வகுப்பறையின் எல்லையை அறிஞர்கள் கடுமையாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், 2004-இல் வெளியிட்ட நூலில், மேலாண்மை என்பது அனுபவத்தில் ஊறிய கைத்தொழில், அனுபவமில்லாத இளைஞருக்கு வகுப்பில் ஊட்ட முடியாது என்று வாதிட்டார். 2002-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெஃப்ரி ஃபெஃபரும் கிறிஸ்டினா ஃபாங்கும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, எம்பிஏ பட்டமோ அதில் பெற்ற மதிப்பெண்ணோ பிற்கால வெற்றியோடு தொடர்புடையது என்பதற்குச் சான்று குறைவு என்றது. ஆலோசனை நிறுவனங்கள் மருத்துவம், சட்டம், அறிவியல் ஆய்வு படித்தவர்களையும் எடுத்து, சில வாரப் பயிற்சி தந்து வேலையில் இறக்குவதை அவர்கள் சான்றாகக் காட்டினர்.

இந்த விமர்சனத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அதை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். மருத்துவரும் விஞ்ஞானியும் அந்த வேலையில் தேறுகிறார்கள் என்றால், சான்றைத் தேடி, ஊகத்தைச் சோதித்து, முடிவெடுக்கும் ஒழுங்கு அவர்களுக்கு முன்பே கைவந்திருக்கிறது என்று பொருள். சில வாரத்தில் சொல்லித்தரக் கூடியவை சட்டகங்களும் கலைச்சொற்களும்தான். எம்பிஏ மாணவருக்கும் நிலைப்பது அந்த ஒழுங்கே. பட்டத்தின் பெயர் அதற்கு ஈடாகாது.

வகுப்பறை தராதவற்றில் முதலாவது, அழுக்கான தரவு. கேஸில் அட்டவணை அச்சிட்டு, கூட்டல் சரிபார்த்து வரும். பயிற்சியில் ஒரே கடையின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று வாடிக்கையாளராக நிற்கும். ஒரு கிளை விற்பனையை ஆயிரத்திலும் மற்றொன்று லட்சத்திலும் எழுதியிருக்கும். கேட்ட கோப்பு இரண்டு வாரம் கழித்து வரும். பயிற்சி மாணவரின் நேரத்தில் பெரும்பங்கு எக்செலில் இதைச் சுத்தம் செய்வதிலேயே போகிறது.

இரண்டாவது, கேள்வியே தவறாக இருக்கும் வாய்ப்பு. கேஸின் கடைசிப் பத்தியில் மேலாளர் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளர் ‘விளம்பரத்தை எப்படிக் கூட்டலாம்?’ என்று கேட்கும்போது, உண்மைச் சிக்கல் பொருள் கடைக்கே போய்ச் சேராததாக இருக்கலாம்.

மூன்றாவது, மனிதர்கள். வகுப்பில் பேசுபவருக்கு மதிப்பெண் உண்டு. சிபி எனப்படும் வகுப்புப் பங்கேற்பு தரத்தைத் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் அலுவலகத்தில் காதுகொடுத்துக் கேட்பவருக்குத்தான் தகவல் கிடைக்கும். ஆலோசகர் வந்தாலே ஆள்குறைப்பு வரும் என்று அஞ்சும் கிடங்கு மேற்பார்வையாளர், தன் மகன் வயதுள்ள பயிற்சி மாணவரிடம் ஏன் மனம்திறக்க வேண்டும்? ‘அண்ணே, உங்க வேலை ஒரு நாள் எப்படி நடக்குதுன்னு கூட இருந்து பார்க்கலாமா?’ என்று பணிவோடு கேட்கத் தெரிந்தவருக்கு, எந்தக் கோப்பிலும் இல்லாத காரணம் கிடைக்கும். நிறுவன நடத்தையியல் பாடம் இந்த அச்சத்தை விளக்குகிறது. அதன் நடுவே போய் நிற்கும் பழக்கத்தைத் தருவதில்லை.

களத்தைப் பாடமாக்கிய பள்ளிகள்

இந்தக் குறையைச் சில பள்ளிகள் உணர்ந்து செயல்பட்டிருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் வணிகப் பள்ளி 1992 முதல் முதலாண்டு மாணவர்களைக் குழுக்களாக்கி, ஏழு வாரம் உண்மையான நிறுவனங்களின் உண்மையான சிக்கல்களில் முழுநேரமாக இறக்குகிறது. அது கோடைப் பயிற்சிக்குச் சற்று முன்னதாக அமைந்திருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆசிரியரின் மேற்பார்வையில் ஒருமுறை தடுமாறி எழுந்தபின் மாணவர் பயிற்சிக்குப் போகிறார். கேஸ் முறையின் தாயகமான ஹார்வர்டே 2011-இல் களப்பணிப் பாடம் ஒன்றை முதலாண்டில் கட்டாயமாக்கியது.

மிச்சிகனில் கற்பித்த சி. கே. பிரகலாத், 1941-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை லயோலாவில் படித்து, அகமதாபாத் கழகத்தில் 1966-இல் பட்டம் பெற்றவர். ஏழைகளையும் சந்தையின் பங்காளிகளாகப் பார்க்கச் சொன்ன அவருடைய 2004-ஆம் ஆண்டு நூலில் வரும் கேஸ்களை எழுதியவர்கள் அவருடைய எம்பிஏ மாணவர்கள். அவற்றில் ஒன்று அரவிந்த் மருத்துவமனை பற்றியது. கேஸைப் படிக்கும் மாணவருக்கும் கேஸை எழுதும் மாணவருக்கும் உள்ள தூரம் பெரிது. எழுதுபவர் போக வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். கன்சல்டிங் பயிற்சிக்கு இதைவிட நெருக்கமான பாடம் இல்லை. பெரிய செலவும் இல்லாதது. தமிழ்நாட்டின் எந்த எம்பிஏ கல்லூரியும், திருப்பூரின் ஒரு பின்னலாடை ஆலையையோ சிவகாசியின் ஓர் அச்சகத்தையோ வைத்து இதைச் செய்ய முடியும்.

எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஒரு பாடத்தைக் கடைசிக்கு வைத்தது அது சிறியது என்பதால் அல்ல. அறவியலை மாணவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறார்கள். பர்டியூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனத்தின் வலிநிவாரணியை விற்பதற்கு மெக்கின்சி தந்த ஆலோசனை, அமெரிக்காவின் போதைமருந்துப் பேரழிவோடு தொடர்புபடுத்தப்பட்டது. 2021-இல் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களுடன் 57.3 கோடி டாலருக்கும், 2024 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையுடன் 65 கோடி டாலருக்கும் அந்நிறுவனம் தீர்வு கண்டது. அத்தகைய திட்டங்களும் எக்செல் கட்டங்களாகவும் ஸ்லைடுகளாகவும்தான் உருவாகின்றன. விற்பனையைக் கூட்டும் வழியைக் கணக்கிடுபவர், கூடும் விற்பனை யார் உடம்பில் போய்ச் சேர்கிறது என்றும் கேட்டாக வேண்டும். எட்டு வாரப் பயிற்சி மாணவரின் குரல் சிறியதாக இருக்கலாம். கேட்கும் பழக்கம் அப்போது வராவிட்டால் பிறகு வருவது கடினம்.

செய்ய வேண்டியது

மேலாண்மைக் கல்லூரிகளுக்கு இந்த ஆய்வு சொல்வது மூன்று. செலவுக் கணக்கு, புள்ளியியல், உற்பத்தி மேலாண்மை, எழுத்து ஆகிய நான்கையும் முதலாண்டிலேயே ஆழமாக நடத்துங்கள். அவற்றை அழுக்கான, முழுமையற்ற தரவைக் கொடுத்து நடத்துங்கள். கோடைப் பயிற்சிக்கு முன் ஒவ்வொரு மாணவரையும் ஒரு சிறு நிறுவனத்துக்காவது நேரில் போய், தன் கையால் ஒரு கேஸ் எழுத வையுங்கள்.

மாணவர்களுக்குச் சொல்வது இன்னும் எளிது. நேர்காணல் புத்தகம் கதவைத் திறக்கும். அதற்கான உழைப்பைக் குறைக்க வேண்டாம். ஆனால் நவம்பரில் இடம் கிடைத்துவிட்டது என்று டிசம்பர் முதல் வகுப்பைக் கைவிடாதீர்கள். முதல் பருவக் கணக்கியல் ஏட்டை மார்ச்சில் மீண்டும் திறந்து பாருங்கள். வாரம் ஒரு பக்கம், முடிவை முதலில் சொல்லி எழுதிப் பழகுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால் ஒரு கடைக்காரரிடமோ பட்டறைக்காரரிடமோ அவருடைய செலவையும் வரவையும் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். கன்சல்டிங் பயிற்சியில் நன்றாகச் செயல்படுபவர், எல்லாப் பாடத்தையும் கற்றவர் அல்ல; அடிப்படைப் பாடங்கள் நான்கைத் தெளிவாகக் கற்று, தெரியாததைத் தெரிந்தவரிடம் பணிவோடு கேட்கத் துணிந்தவரே.